அட்மிட் ஆனால்தான் காசு!

ஆபீஸில் உங்களுக்கு மெடிக்ளெய்ம் எடுத்துக் கொடுத்திருக்கிறார்களா? அப்படியானால் நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

காய்ச்சல் வருகிறது. டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்கி, வீட்டில் ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்தால் மொத்தச் செலவு எண்ணூறு ரூபாய். கைக்காசு. அதே காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி படுத்து, கையில் ஊசி சொருகி, டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டால் பதினெட்டாயிரம். அதை இன்ஷூரன்ஸ் கொடுக்கும். எங்கள் தெருக்காரர் ஒருவரிடம் டாக்டரே விசாரித்தாராம்: "இன்ஷூரன்ஸ் இருக்கா? அப்ப எதுக்கும் ஒரு நாள் அப்சர்வேஷன்ல வெச்சுக்கலாமே!"

இதில் யாரும் திருடர் இல்லை. பணம் எந்த வாசல் வழியாக வருகிறதோ, ஜனங்கள் அந்த வாசல் பக்கமாக நகர்ந்து நிற்கிறார்கள். அவ்வளவுதான்.

இப்போது அந்தக் கட்டிலில் காய்ச்சல்காரருக்குப் பதில் ஆறு வயதுக் குழந்தை ஒன்றை வையுங்கள். ஆஸ்பத்திரிக்குப் பதில், அது முன்பின் பார்த்திராத ஒருவருடைய வீடு. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் பதில் அமெரிக்க மத்திய அரசாங்கம்.

ஃபாஸ்டர் கேர் என்கிறார்கள். நம் அரசாங்கத் தமிழில் வளர்ப்புப் பராமரிப்பு. பெற்றவர்களிடம் இந்தக் குழந்தைக்குப் பாதுகாப்பில்லை என்று கோர்ட் முடிவு செய்தால், அதை எடுத்து வேறொரு குடும்பத்திலோ, பாட்டி அத்தை வீட்டிலோ, ஒரு இல்லத்திலோ தற்காலிகமாக வைப்பார்கள். செலவு சர்க்காருடையது. தற்காலிகம் என்பதை, நம் ஊரில் பதினைந்து வருஷமாகத் தற்காலிக ஊழியராகவே இருக்கிறார்களே, அந்த அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளவும். 1999-ல் அங்கே ஒரே சமயத்தில் இப்படி இருந்த குழந்தைகள் சுமார் 5,67,000. 2023-ல் சுமார் 3,43,000.

அடி உதை, அதைவிட மோசமான சமாசாரங்கள் எல்லாம் உண்டு. அந்தக் குழந்தைகளை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் பெரும்பாலான ஃபைல்களில் காரணம் என்ற இடத்தில் எழுதியிருப்பது நெக்லெக்ட், கவனிப்பின்மை. சாப்பாடு சரியில்லை, வீடு சரியில்லை, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. வறுமையையும் கவனிப்பின்மையையும் போட்டோ எடுத்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்.

'கும்மிடிப்பூண்டி தாண்டாத உனக்கு இதெல்லாம் எதற்கய்யா?' என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவி கேட்டுவிட்டாள்.

காரணம் ஒரு லெட்ஜர்.

பி.காம். முடித்து, சி.ஏ. இன்டர் என்ற கோட்டை மதிலில் இரண்டு முறை தலையை முட்டிக்கொண்டிருந்த காலம். 2010 வாக்கில். சென்னையின் வடகோடியில் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குச் சாயங்காலங்களில் கணக்கு எழுதப் போனேன். (பெயர் வேண்டாம். நடத்தியவர்கள் நல்லவர்கள்.) மாதம் மூவாயிரம் ரூபாய் சம்பளம், ஏழு மணிக்குச் சுண்டல்.

இல்லத்தின் வருமானம் தலைக்கணக்கு. ரெஜிஸ்டரில் எத்தனை தலையோ, அத்தனை தலைக்கு மானியம். ஒரு பையன் வீட்டுக்குப் போனால் ஒரு தலை குறையும். ஆனால் வாட்ச்மேன் சம்பளமும் கரண்ட் பில்லும் குறையாது. ஃபிக்ஸட் காஸ்ட், வேரியபிள் காஸ்ட் என்று செகண்ட் இயரில் தூங்கி வழிந்துகொண்டு படித்தது, டவுசர் போட்டுக்கொண்டு எதிரில் நடமாடியதை அங்கேதான் பார்த்தேன்.

ஐந்தாம் கிளாஸ் பையன் ஒருவன். அப்பா ஓடிப்போய்விட்டார். அம்மா மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்து, அதில் ஒரு வீட்டின் பின்கட்டிலேயே படுத்துக்கொள்கிறாள். பையனைக் கூட வைத்துக்கொள்ள அங்கே அனுமதி இல்லை. அதற்காகத்தான் இல்லம். அந்தம்மா ஒரு ரூம் பார்த்துவிட்டாள். வாடகை ஆயிரத்தைநூறு. மாதா மாதம் கட்டிவிடுவாள். ஆனால் சென்னை வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ். பதினைந்தாயிரம்.

நான் டிரையல் பாலன்ஸை மேலும் கீழும் பார்த்தேன். உணவு, உடை, மருந்து, கல்வி, கட்டடப் பராமரிப்பு, விழாச் செலவு. நன்கொடை வராமல் இல்லை. அதுவும் இன்ன காரியத்துக்கு என்று சொல்லித்தான் வரும். பெண் குழந்தையின் முதல் பிறந்த நாள் என்று கேக், மாமனாரின் திதி என்று மதியச் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று கேக் வந்த நாளும் உண்டு. மூன்றாவது கேக்கின் கிரீமைப் பையன்கள் வழித்துச் சுவரில் பூசுவார்கள்.

வார்டனிடம் போய் அட்வான்ஸ் விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நியாயம்தான் தம்பி. எந்த ஹெட்ல எழுதுவீங்க?"

முதல் வகுப்பில் பி.காம். பாஸ் செய்தவனுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. ஹெட் இல்லை. கேக்குக்கு இருந்தது.

அந்தம்மா ஒரு சீட்டில் சேர்ந்து, சீட்டு எடுத்து, பையனைக் கூட்டிப்போக வந்தபோது இருபத்தாறு மாதம் ஆகியிருந்தது. அன்றைக்கு நான் இருந்தேன். வாசலில் அம்மாவைப் பார்த்ததும் பையன் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, "வாங்க, உக்காருங்க" என்றான். பெரியவர்கள் யார் வந்தாலும் அப்படிச் சொல்ல வேண்டும் என்று இல்லத்தில் பழக்கியிருந்தார்கள். வடசென்னையில் ஒரு பையன் பெற்ற அம்மாவை 'வாங்க' என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அந்தம்மா கையில் பிளாஸ்டிக் பையோடு கொஞ்ச நேரம் வாசற்படியிலேயே நின்றாள்.

அன்று ராத்திரி அவன் பெயரில் எழுதிய செலவை மட்டும் கூட்டிப் பார்த்தேன். பதினைந்தாயிரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வந்தது.

(இப்போது மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசுத் திட்டத்தில், குழந்தை சொந்தக் குடும்பத்திலேயே இருப்பதற்கு மாதம் 4000 ரூபாய் உதவித்தொகை உண்டு. அன்றைக்கு அந்த அம்மாளிடம் யாரும் எந்தத் தொகையும் சொல்லவில்லை.)

நான் பிறகு கணக்கெழுதுவதை விட்டுக் கதையெழுத வந்துவிட்டேன். கூடப் படித்த நண்பன் ஒருவன் மட்டும் கணக்கைக் கைவிடாமல் சிகாகோ வரை போனான். ஃபாஸ்டர் கேர் குழந்தைகளைக் கவனிக்கும் ஒரு தனியார் ஏஜென்ஸியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னான்: "டேய், உன் பதினைஞ்சாயிரம் ரூபா கதை இருக்கே... இங்க அது ஒரு சட்டமாவே இருந்துச்சுடா."

அன்றிலிருந்து அவன் அனுப்பும் ரிப்போர்ட்டுகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். நாவல் படிப்பதுபோல இருக்கிறது என்று சொன்னால் பொய். ஆனால் சில பக்கங்கள் அப்படித்தான்.

1980-ல் வந்த சட்டம் அது. சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்கு-ஈ பிரிவு. தகுதியுள்ள ஒரு குழந்தையை வீட்டிலிருந்து எடுத்து வெளியே வைத்தால், ஆகிற பராமரிப்புச் செலவில் குறைந்தது பாதியை மத்திய அரசு மாநிலத்துக்குத் தந்துவிடும். உச்சவரம்பு கிடையாது. நூறு குழந்தைகளானாலும் சரி, லட்சம் குழந்தைகளானாலும் சரி. எடுக்காமல், அந்தக் குடும்பத்துக்கு ஏதாவது செய்து குழந்தையை வீட்டிலேயே இருக்கவைக்க வேறொரு பிரிவில் பணம் உண்டு. அது கொஞ்சம், அதற்கு உச்சவரம்பும் உண்டு. புரிகிறதல்லவா? அட்மிட் ஆனால் காசு, மாத்திரைக்குக் கைக்காசு.

'தகுதியுள்ள குழந்தை' என்பதற்கு ஒரு இலக்கணம் இருக்கிறது. அதைக் கேட்டால் நம் தாலுகா ஆபீஸ்களின் மேல் உங்களுக்குப் பாசமே வந்துவிடும். ஏழைக் குடும்பங்களுக்கு மாதப்பணம் தரும் பழைய திட்டம் ஒன்று அங்கே இருந்தது. 1996-ல் அதை ஒழித்துவிட்டார்கள். ஆனால் மத்திய அரசின் பங்கு கிடைக்க வேண்டுமானால், குழந்தையின் வீடு அந்த ஒழிந்துபோன திட்டத்தில், 1996 ஜூலை 16-ஆம் தேதி இருந்த விதிப்படி, உதவி பெறும் அளவுக்கு ஏழையாக இருக்க வேண்டும். விலைவாசி ஏறினாலும் அந்த வருமான எல்லை ஏறாது. காலமான தாசில்தாரிடம் கையெழுத்து வாங்கி வா என்பதுபோல. நண்பனின் ஆபீஸ்காரர்கள் சிரிக்காமல் இதற்கு ஃபாரம் பூர்த்தி செய்கிறார்களாம்.

பணம் இப்படி வந்தால் குழந்தைகள் வெளியிலேயே தங்கிப்போகிறார்கள் என்று வாஷிங்டனிலும் சிலருக்குப் பட்டது. 1994-ல் ஒரு வழி செய்தார்கள். சில மாநிலங்களுக்கு மட்டும் விதிவிலக்கு. 'வழக்கமாக உங்களுக்கு எவ்வளவு தந்திருப்போமோ, அவ்வளவுதான் தருவோம். ஆனால் வழக்கமான காரியத்துக்கே செலவழிக்க வேண்டியதில்லை. குடும்பத்துக்குச் செய்யுங்கள், பாட்டிக்குக் கொடுங்கள். மிச்சம் பிடித்தால் இதே வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதிகமானால் உங்கள் பாடு. ஒரே ஒரு நிபந்தனை: வெளியாளை வைத்து, நிஜமாகப் பலன் உண்டா என்று அளந்து காட்டுங்கள்.'

இந்தக் கடைசி நிபந்தனைதான் எனக்குப் பிடித்தது. நம் ஊரில் திட்டம் ஆரம்பிக்கும்போது போட்டோ எடுப்பார்கள். முடியும்போது யாரும் இருப்பதில்லை.

நண்பன் இருக்கும் இல்லினாய் மாநிலத்தில் 1997-ல் ஆரம்பித்தார்கள். அப்போது அங்கே ஐம்பதாயிரத்துக்கும் மேல் குழந்தைகள் ஃபாஸ்டர் கேரில். அதில் ஏறக்குறையப் பாதிப் பேர் இருந்தது அந்நியர் வீட்டில் இல்லை; பாட்டி வீட்டில், சித்தி வீட்டில். அப்படியானால் என்ன பிரச்னை என்றுதான் நானும் கேட்டேன்.

பிரச்னை இதுதான். பாட்டி வீட்டில் இருந்தாலும் ஃபைல்படி குழந்தை சர்க்காருடையது. வெளியூருக்கு டூர் போக வேண்டுமா, அதிகாரியைக் கேட்க வேண்டும். மாதா மாதம் கேஸ் ஒர்க்கர் வந்து ஃபிரிட்ஜைத் திறந்து பார்ப்பார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கோர்ட். இதிலிருந்து வெளியே வர, பாட்டி பேரனைச் சட்டப்படி தத்தெடுக்கலாம். அதற்கும் உதவித்தொகை உண்டு. ஆனால் தத்தெடுக்க வேண்டுமானால், முதலில் பெற்ற தாயின் உரிமையைக் கோர்ட்டில் வெட்ட வேண்டும். அந்தத் தாய் யார்? இந்தப் பாட்டி பெற்ற பெண்.

"என் பொண்ணு போதையில விழுந்தா. எழுந்து வருவா. அவ புள்ளைக்கு நான் அம்மான்னு எழுதிக் கையெழுத்துப் போடவா?" நம் ஊர்ப் பாட்டியும் இதைத்தான் கேட்பாள். ஆக, பாட்டி தத்தெடுக்க மாட்டாள். குழந்தை வருஷக்கணக்காகத் 'தற்காலிகம்'.

இல்லினாய் விதிவிலக்கை வைத்து வாங்கியது ஒரே ஒரு பொருள்தான்: பணத்தோடு கூடிய கார்டியன்ஷிப். பாட்டி பாட்டியாகவே இருக்கலாம். சட்டப்படி காப்பாளர். தாயின் உரிமையை அடியோடு வெட்ட வேண்டாம். மாதப்பணம் தொடரும். கேஸ் ஒர்க்கரும் கோர்ட்டும் போய்விடும். அதனால் சர்க்காருக்கும் நிர்வாகச் செலவு மிச்சம்.

இது வேலை செய்கிறதா என்று எப்படி அளப்பது? எங்கள் பேட்டையில் ஒரு டியூஷன் மாஸ்டர் இருந்தார். நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று போர்டு. ரகசியம் என்னவென்றால், எண்பது மார்க்குக்குக் கீழே வாங்கிய பையனை அவர் சேர்த்துக்கொள்ளவே மாட்டார். கார்டியன்ஷிப்பிலும் அப்படி ஆகும். ஆசைப்பட்டு வருகிற பாட்டிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றப் பாட்டிகளோடு ஒப்பிட்டால் போர்டு மாட்டிவிடலாம். அதனால் இல்லினாயில் சீட்டுக் குலுக்கினார்கள். உத்திரமேரூரில் ஊர்ச்சபைக்குக் குடவோலை போட்ட மாதிரி. ஒரு பங்குக் குடும்பங்களுக்கு இந்தப் புது வசதி உண்டு, மற்றவர்களுக்கு பழையபடிதான். யார் எந்தப் பக்கம் என்பதைத் தீர்மானித்தது சிபாரிசு இல்லை, அதிர்ஷ்டம்.

சீட்டு விழாத பாட்டிகளை நினைத்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது. நண்பனிடம் சொன்னேன். "யாருக்கு நல்லதுன்னே தெரியாத மருந்துடா அது அன்னிக்கு. தெரிஞ்சுக்கிட்டே ஒளிச்சு வெச்சா பாவம். தெரியாதப்ப எல்லாருக்கும் ஊத்துறதும் பாவம்தான்" என்றான். அமெரிக்கா போனதும் கொஞ்சம் தெளிவாகப் பேசுகிறான்.

ரிசல்ட்? சீட்டு விழுந்த பக்கத்தில், ஃபாஸ்டர் கேரை விட்டு நிரந்தரமாக ஒரு வீட்டுக்குப் போன குழந்தைகள், விழாத பக்கத்தைவிட நூற்றுக்கு சுமார் ஆறு பேர் அதிகம். பாதுகாப்பில் குறைச்சல் ஒன்றும் தெரியவில்லை. ஆறுதானா என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். கார்டியன்ஷிப்பில் போன குழந்தைகள் ஆயிரக்கணக்கில். ஆனால் அதில் பல பேர், அது இல்லாவிட்டால் பாட்டி மனதைக் கல்லாக்கிக்கொண்டு தத்தெடுத்திருக்கக்கூடியவர்கள். அவர்களை லாபக் கணக்கில் சேர்க்காமல் கழித்துவிட்டுச் சொல்வதுதான் அந்த ஆறு. விளம்பரத்தில் வருகிற ஐம்பதைவிட எனக்கு இந்த ஆறின்மேல் மரியாதை. சீட்டுக் குலுக்கியதால் கிடைத்த ஆறு.

விஸ்கான்சினிலும் டென்னஸியிலும் இதையே செய்து பார்த்தார்கள். 2008 அக்டோபரில் நாடு முழுக்க எந்த மாநிலமும் விரும்பினால் இப்படிச் செய்யலாம், மத்திய அரசு பங்கு தரும் என்று சட்டமே வந்துவிட்டது. இல்லினாயில் ஃபாஸ்டர் கேர் எண்ணிக்கை சில வருஷங்களில் பாதிக்கும் கீழே போனது. முழுப் புகழும் பாட்டித் திட்டத்துக்கு இல்லை. தத்தெடுப்பை வேகப்படுத்திய 1997-ஆம் வருஷத்துச் சட்டமும், ஏஜென்ஸிகளுக்குக் காண்ட்ராக்ட் கொடுக்கும் முறையை மாற்றியதும் அதே சமயத்தில் நடந்தன.

ஃப்ளாரிடா செய்தது இன்னும் பெரிய காரியம். 2006 அக்டோபரிலிருந்து மாநிலம் முழுக்க, பணம் முழுக்க, லம்ப்சம். எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கலாம். சுமார் 29,000 குழந்தைகள் வெளியே இருந்த இடத்தில், சில வருஷங்களில் இருபதாயிரத்துக்கும் கீழே. கைதட்டல்! ஆனால் இங்கே சீட்டுக் குலுக்கவில்லை. மாநிலம் முழுக்கவே சீட்டு விழுந்துவிட்டதே, யாரோடு ஒப்பிடுவது? அதே காலத்தில் விதிவிலக்கே வாங்காத மாநிலங்களையும் சேர்த்து நாடு முழுக்கவும் எண்ணிக்கை இறங்கிக்கொண்டிருந்தது. ஃப்ளாரிடா அதைவிட வேகமாக இறங்கியது என்பது நிஜம். அதில் எவ்வளவு பணத்தின் வேலை, எவ்வளவு புது அதிகாரிகளின் வேலை, எவ்வளவு காற்றடித்த திசை என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. பிறகு போதை மருந்து அலை வந்தபோது எண்ணிக்கை மறுபடி ஏறியது. லம்ப்சம் மட்டும் கூட ஏறாது. இதுதான் அதன் ஆபத்து. வீட்டுக்காரர் கரண்டையும் சேர்த்து ஒரே வாடகை என்று பேசிக்கொண்டால் சந்தோஷமாகத்தான் இருக்கும், சித்திரையில் ஏ.சி. போடுகிறவரை.

ஒஹையோவில் பதினாலு கவுன்டிகளில் பணத்தை அவிழ்த்துவிட்டு, வேறு சில கவுன்டிகளோடு ஒப்பிட்டார்கள். சில இடங்களில் பலன், சில இடங்களில் இல்லை. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

இங்கே ஆபீஸ் நண்பர்களுக்கு ஒரு கணக்கு. ரிப்போர்ட்டுகளில் நான் மிகவும் ரசித்த சங்கதி இது. 'குழந்தைகள் ஃபாஸ்டர் கேரில் இருக்கும் சராசரி காலம்' என்று ஒரு எண் கொடுப்பார்கள். அதை அப்படியே நம்பாதீர்கள்.

கற்பனையாக ஒரு ஊர். வருஷத்துக்கு நூறு குழந்தைகள் உள்ளே வருகிறார்கள். அறுபது பேர் இரண்டே மாதத்தில் வீட்டுக்குப் போகிறார்கள். நாற்பது பேர் இருபத்து நாலு மாதம் இருக்கிறார்கள். சராசரி 10.8 மாதம். இப்போது நல்ல திட்டம் ஒன்று வருகிறது. அந்த அறுபதில் முப்பது பேரை வீட்டை விட்டு எடுக்கவேண்டிய அவசியமே இல்லாமல் செய்துவிடுகிறது. மிச்சம் எழுபது பேர். சராசரி என்ன? சுமார் 14.6 மாதம்! திட்டம் ஜெயித்தது, எண் தோற்றது. நிருபர் கையில் இது கிடைத்தால், 'கோடிகள் செலவழித்தும் குழந்தைகள் கூடுதல் காலம் தவிப்பு!' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிடுவார்.

இன்னொன்று. மார்ச் 31 அன்று கடையில் ஸ்டாக் எடுக்கிறீர்கள். அலமாரியில் என்ன இருக்கும்? வேகமாக விற்கிற சோப்பு கொஞ்சம்; நாலு வருஷமாக யாரும் சீண்டாத மஞ்சள் சட்டைகள் நிறைய. அதை வைத்து, 'நம் கடையில் சரக்கு சராசரியாக மூன்று வருஷம் தங்குகிறது' என்று சொன்னால் முதலாளி அழுவார். ஒரு குறிப்பிட்ட நாளில் உள்ளே இருக்கிற குழந்தைகளை எண்ணினாலும் இப்படித்தான். அதிக நாள் இருப்பவர்கள்தான் கண்ணில் படுவார்கள். அதனால் விஷயம் தெரிந்தவர்கள், இந்த வருஷம் உள்ளே வந்தவர்களை மட்டும் ஒரு கட்டாகக் கட்டி, ஒவ்வொருவரும் எப்போது வெளியே போகிறார் என்று பின்னாலேயே போகிறார்கள். அதோடு, போனவர் திரும்பி வருகிறாரா, வீட்டில் மறுபடி அடி விழுகிறதா என்றும் பார்க்கிறார்கள். நாளைக் குறைத்தால் போதும் என்றால், குழந்தையை ராத்திரியோடு ராத்திரியாக வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வந்துவிடலாமே.

விதிவிலக்குகளின் காலம் 2019 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதற்கு முன்பே 2018 பிப்ரவரியில் புதுச் சட்டம் வந்தது. குடும்பம் முதலில் என்று பெயர். குழந்தையை எடுப்பதற்கு முன்னாலேயே செலவழிக்க நான்கு-ஈ பணம் கிடைக்கும். கடைசியில் மாத்திரைக்கும் காசு! ஆனால் எந்த மாத்திரைக்கு? மனநல சிகிச்சை, போதை சிகிச்சை, வீட்டுக்கே வந்து பெற்றோருக்குச் சொல்லித்தருகிற பயிற்சி. ஒரு தடவைக்குப் பன்னிரண்டு மாதம். அதுவும் ஆராய்ச்சியில் தேறி, அரசாங்கத்தின் பட்டியலில் இடம் பிடித்த திட்டமாக இருக்க வேண்டும். அளந்து பார்த்துவிட்டுக் கொடு என்பது எனக்குச் சம்மதமே. ஆனால் இல்லினாய்ப் பாட்டிக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. அவள் கையைக் கட்டியிருந்த ஒரு முடிச்சைக் கண்டுபிடித்து, அதை மட்டும் அவிழ்த்தார்கள். பணம் இளகியதால் மட்டும் நடந்ததல்ல அது. முடிச்சு எங்கே என்று தெரிந்திருந்ததால் நடந்தது.

போன மாதம் நண்பனிடம் இதையெல்லாம் பேசிவிட்டுக் கேட்டேன். "அந்தப் புதுச் சட்டத்துல வீட்டு அட்வான்ஸ் தருவானா?"

"வாடகையெல்லாம் அதுல வராதுடா. பயிற்சி குடுப்பான், கவுன்சலிங் குடுப்பான்."

"அப்ப அட்வான்ஸ் இல்லாத அம்மா கவுன்சலிங் போய்ட்டு பிளாட்பாரத்துல வந்து படுத்துக்கணுமா?"

"இரு, இரு" என்றான். "எங்க ஸ்டேட்ல அதுக்கு வேற வழி இருக்கு. வறுமையினால மட்டும் பிள்ளைங்களைப் பிடிச்சு வெச்சுட்டாங்கன்னு பெத்தவங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 1991-ல சமரசத் தீர்ப்பு ஆச்சு. வீட்டு அட்வான்ஸ், கட்டில், கரண்ட் பில் பாக்கி, இது மாதிரி ஏதாவது ஒண்ணு இல்லாததுனால பிள்ளை வீட்டுக்குப் போக முடியலைன்னா, சர்க்கார் அதை வாங்கிக் குடுக்கணும். எங்க கேஸ் ஒர்க்கருங்க எழுதிக் கேப்பாங்க. நேத்துகூட ஒண்ணு என் டேபிளுக்கு வந்துச்சு."

"என்ன எழுதியிருந்துச்சு?"

பேப்பர் புரட்டும் சத்தம் கேட்டது. "ரெண்டு கட்டில், ரெண்டு மெத்தை, ஒரு மாச வாடகை, அட்வான்ஸ்."

"எந்த ஹெட்ல போடுவே?"

"அதுக்குன்னு தனி ஹெட்டே இருக்குடா. வழக்குப் போட்டவர் பேரு. நார்மன்."